வாகை மரமும் ஆறு பிள்ளையாரும்

2025 ஜூன் 3

சென்னைக் கடைக்கு ஆறு மரப் பிள்ளையார். சதுர்த்திக்குள் வேண்டும். மரம் யாருடையது என்று சொன்னால்தான் எடுப்பார்களாம். தாராளமாகச் சொல்கிறேன், எனக்கென்ன பயம்? மதியம் மர புரோக்கர் பட்டறைக்கு வந்தான். "மலையிலேர்ந்து ஈட்டி மரம் எறங்குதுக்கா, பில்லு மட்டும் கேக்காத." கல்வராயன் மலையை மொட்டையடித்து என்னால் பிள்ளையார் செய்ய முடியாது. போகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 9

ரிஷிவந்தியத்தில் சின்னராசு அண்ணனின் வாகை மரம். புது வீடு கட்ட இடைஞ்சலாம், வெட்டிக்கொள்ளச் சொன்னார். பட்டறை வழக்கப்படி முந்தின சாயங்காலமே மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, 'நாளைக்கு வெட்டப்போறோம், பொறுத்துக்கோ' என்று மரத்திடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 10

மழை. நாளையும் விடாது போல.

ஜூன் 13

ஆட்களோடு போனால் மரத்தடியில் பொங்கல் பொங்குகிறது. என் மஞ்சள் துணியைப் பார்த்து யாரோ வேப்பிலை செருகி, யாரோ விளக்கேற்றி... "ஆத்தா வந்து ஒக்காந்துக்கினு இருக்கா, இன்னாத்துக்கு வாளு எடுத்தாந்த?" என்கிறாள் ஒரு அம்மா. துணி கட்டினது நான்தான் என்றேன். "ஒங்கையால கட்ட வச்சிருக்கா பாரு" என்று என் நெற்றியிலேயே குங்குமம் வைத்துவிட்டாள். மழை வந்ததுமே போய் அவிழ்த்திருக்க வேண்டாமா? அறிவு கெட்டவள் நான்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "மரம் வாங்கப் போயி கோயிலு கட்டிட்டு வந்துட்ட." எரிச்சலாக வருகிறது. புரோக்கர் நம்பர் போனில் இருக்கிறது — ஒரே ஒரு தரம்? யாருக்குத் தெரியப்போவுது? எனக்குத் தெரியுமே.

ஜூன் 15

சின்னராசு அண்ணன் மனைவி ஜெயம்மாள் போன் செய்தாள். "ஆத்தாவ இனிமே தொட முடியுமா? பழைய வூட்டப் பிரிச்சி அங்கியே கட்டப்போறோம். உத்திரமெல்லாம் வாகைதான். வந்து பாரேன்." ஓடினேன். புகையேறிக் கறுத்த மரம், பூச்சி தொட்டதே இல்லை.

ஜூலை 8

தொட்ட இடமெல்லாம் ஆணி. உளி உளியாக உடைகிறது. ஆனாலும் என்ன மரம்டி இது.

ஆகஸ்ட் 11

ஆறும் முடிந்தது. திருட்டு மரம் ஒரு துண்டு இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிகிறேன்.

ஜெயம்மாள் பார்க்க வந்தாள். ஒரு பிள்ளையாரின் தொப்பையில், மரத்தில் முன்பே இருந்த பள்ளத்தை அரைஞாண் போல அப்படியே விட்டிருந்தேன். அங்கே விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. "இது தூளிக் கவுறு தேஞ்ச எடம். எம்மூணு புள்ளையும் இங்கதான் தூங்குச்சிங்க."

கடைக்கு வேறொன்று செதுக்கிக்கொள்கிறேன். இந்தப் பிள்ளையார் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிச் சென்னைக்குப் போகாது.