பிளாட்பாரத்து வெள்ளைப் புள்ளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், என் முழங்காலைத் தவிர, அது ஏன் என்று கீழே வரும். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள், குட்டிப்பெண் ராத்திரியில் உங்களைக் கொஞ்சமாவது தூங்க விடுகிறாள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து சண்டை போடுவாய், அதனால்தான் கடிதம். அப்பா உன் அறையில் கட்டி வைத்திருந்த பொம்மை ரயில், ஸ்டேஷன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது, நானும் சொல்லிப் பார்த்தேன், குழந்தை தவழப்போற இடத்துல கம்பியும் கரன்ட்டும் கிடக்கக்கூடாது, இதுல பேச்சே இல்ல என்று முடித்துவிட்டார். ரயிலில் கார்டாகக் கொடி காட்டிய காலத்திலிருந்தே அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் கழற்றுவதற்கு முன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். ஒரு போட்டோ எடுத்துக் கொடு, பாக்கறவன் நிஜ ஸ்டேஷன்னு நம்பணும், பொம்மைன்னு ஒருத்தன் சொல்லிட்டாலும் நான் செஞ்சதெல்லாம் வீண் என்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பலகையோடு சுவரில் அறைந்து கட்டியது, பிரித்தால் பழையபடி சேராது, படம் ஒன்றுதான் மிஞ்சும்.

எனக்கென்ன, ஊரில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்தவள், இதெல்லாம் ஜுஜுபி என்று இறங்கினேன். ஸ்டுடியோவிலிருந்து இரண்டு விளக்கையும் கொண்டுவந்து இடமும் வலமும் வைத்து, மேலிருந்து பளிச்சென்று எடுத்தேன். பார்த்தால் இன்ஜின் பாஸ்போர்ட் கேட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிழல். ஸ்டேஷன் கூரையில் ஒரு ஈ, நாய் அளவுக்கு. அத்தோடு விட்டேனா, கம்ப்யூட்டரில் போட்டு, கல்யாணப் பெண் முகத்தில் பருவைத் துடைப்பது போல இன்ஜினில் இருந்த கறையையெல்லாம் துடைத்துப் பளபளவென்று கொடுத்தேன். அந்தக் கறை அவரே சாக்பொடியும் கரித்தூளும் கலந்து சின்ன பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்ததாம். ஓடாத வண்டிக்குத்தான்டி அழுக்கு இருக்காது என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்தான், சாப்பிடும்போதும் உம்மென்றே இருந்தார். எனக்கும் கோபம், நான் எடுத்த படத்தை இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மறுநாள் அவர் வெளியே போனதும் அறைக்குள் போய் உட்கார்ந்து யோசித்தேன். பிளாட்பாரத்து ஆள் என் கட்டைவிரல் நகம் உயரம்தான், அவன் கண்ணுக்கு இன்ஜின் வீடு மாதிரித் தெரியும், நானோ காக்காய் மாதிரி மேலேயிருந்து பார்க்கிறேன். பெரிய கேமரா அங்கே இறங்காது. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் பிளாட்பாரத்தோடு வந்துவிடுகிறது. முழங்காலில் நின்று அப்படிப் பார்த்தபோது இன்ஜின் நிஜமாகவே வீடு உயரத்துக்கு நின்றது, அப்படியே வெகுநேரம் கிடந்ததில்தான் என் முழங்கால் போனது. அப்புறம் ஒரு விளக்கை அணைத்தேன், சூரியன் ஒன்றுதானே, மற்றதைச் சாயங்கால வெயில் போல ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தேன். சுவிட்ச் போர்டு தெரியாமல் ஸ்டுடியோவின் வெளிர்நீலத் திரையைக் கட்டினேன். ஃபேனை நிறுத்தினேன், இல்லாவிட்டால் ஸ்பாஞ்சு மரமெல்லாம் பேய் பிடித்ததுபோல ஆடுகிறது. கிட்டே இருப்பதிலிருந்து தூரத்தில் இருப்பதுவரை ஒவ்வொரு இடமாக ஃபோகஸ் வைத்துத் தனித்தனியாக எடுத்து, எங்கும் மங்கலில்லாமல் ஒரே படமாகச் சேர்த்தேன். அழுக்கில் மட்டும் கை வைக்கவில்லை.

அப்பா வந்ததும் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் தனக்குத்தானே, சிக்னல் விழுந்தாச்சு, இன்னும் ஏன் வண்டிய எடுக்காம நிக்கறான் என்று முணுமுணுத்தார். சொன்ன பிறகுதான் அது தன் வண்டி என்று உறைத்திருக்கிறது, என்னைப் பார்த்து அசடு வழிந்தார். இப்படி ஒரு சர்டிபிகேட் எனக்கு யாரும் கொடுத்ததில்லை கண்ணு, பெருமையாக இருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவரை நினைத்தாலும் பெருமைதான், வெளிச்சம் நான் போட்டது, ஆனால் தண்டவாளத்துக்கு நடுவே சிந்திய எண்ணெய் முதல் பெஞ்சில் உரிந்த பெயின்ட் வரை அவர் கை.

பிரின்ட் போடுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினேன். பிளாட்பாரக் கடைசியில் ஒரு பெண் நிற்பாளே, நீ கிளம்பிப் போன வருஷம் அப்பா செய்து வைத்தது, உன் பச்சைச் சட்டை, கையில் பெட்டி. அவள் நெஞ்சருகே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. தூசி என்று துடைக்கப் போனேன், பழக்கதோஷம். அப்பா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதத் தொடாத, அது நம்ம பேத்தி என்றார். பெட்டியை வெட்டி எடுத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரை அரிசி அளவுக்குச் சுருட்டி அவள் கையில் ஒட்டியிருக்கிறார், என்னிடம்கூட மூச்சு விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். இப்போது அறையில் ஆணி ஓட்டையெல்லாம் அடைத்து வெள்ளையும் அடித்தாகிவிட்டது.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன், உன்னைத் தேடிப் பார். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. குழந்தைக்கு இன்னும் பாஸ்போர்ட் படம் எடுக்கவில்லை என்றாயே, தள்ளிப்போடாதே, வெள்ளைத் துணியில் படுக்கவைத்து எடு, இரண்டு காதும் தெரிய வேண்டும். அதற்கு மட்டும் விளக்கு இரண்டு வைத்துக்கொள்.

உங்கள் வண்டிக்காகக் காத்திருக்கும்
அம்மா
(அப்பாவும்தான், ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்)