முதுகுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று

மார்ச் 4, செவ்வாய்

ஹோட்டல்காரர்களின் திரைச்சீலை ஆர்டர் பாதிதான் முடிந்திருக்கிறது. மடிப்பு தைக்கத் தைக்க வலது மணிக்கட்டு கெஞ்சுகிறது. மதியம் சாப்பிட்டதும் ஒரு வலி மாத்திரை போட்டேன். கொஞ்ச நேரத்தில் கை என் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தவர் நன்றாயிருக்கட்டும்.

இவர் டிப்போவிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் நீட்டிப் படுத்துவிட்டார். முதுகு. பஸ் சீட்டுக்கும் இவர் முதுகுக்கும் நெடுநாள் பகை. என் அட்டையிலிருந்தே ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்தேன். எனக்குக் கேட்கிற மாத்திரை இவருக்குக் கேட்காதா என்ன?

அடுத்த மாதம் ஓட்டுநர்களுக்கு உடல் தகுதிப் பரிசோதனை. தேறாவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். மேஜைக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். மேஜைக்குப் பின்னால் இவர் ஒரு வாரம் தாங்கமாட்டார். வீட்டில் இருந்தால் நான் தாங்கமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மீசை வந்திருந்தார். இவரோடு வண்டி ஓட்டுகிறவர். மீசையை எடுத்துப் பல வருஷமாகிறது, பெயர் மட்டும் போகவில்லை. வந்ததும் வராததுமாகப் பரிசோதனைப் பேச்சுதான்.

“அந்த டாக்டர் குனிஞ்சு கால் கட்டைவிரலத் தொடச் சொல்வாரு. தொடலேன்னா அவ்ளோதான், வண்டியை மறந்துட வேண்டியதுதான். முன்னாடியிருந்தே காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போட்டு உடம்பை வளைச்சு வச்சுக்கணும். அன்னைக்கு ரெண்டா போடு. நாங்கல்லாம் அப்படித்தான் பாஸ் ஆனோம்.”

சொன்னதோடு நிற்காமல் சட்டைப் பையிலிருந்து தன் அட்டையையும் எடுத்துக் கொடுத்தார். என்னுடையதைவிட இது கொஞ்சம் வேகமாம். இவர் இன்றே தொடங்கிவிட்டார். பரிசோதனைக்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்றேன். “எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது” என்கிறார். பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பார்.

மார்ச் 12, புதன்

மருந்துக்கடையில் ஒரு புதுப் பெண். பெரிய கண்ணாடி, சின்ன முகம். முதுகுக்குத் தேய்க்கக் களிம்பும் இன்னொரு அட்டையும் கேட்டேன். எடுத்துக் கொடுப்பதை விட்டுவிட்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

“யாருக்கும்மா? வயசென்ன? பிரஷர், வயித்துப் புண் ஏதாவது உண்டா? வேற மாத்திரை எதுவும் சாப்பிடறாங்களா?”

“வலிக்குதுன்னு வந்தா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேக்கறியேம்மா. எனக்குத்தான். எனக்கு ஒண்ணும் கிடையாது.”

அவள் முகம் மாறவில்லை. “சரிம்மா. சாப்பிட்டுட்டுப் போடுங்க. குறைஞ்ச அளவு போதும். நாலஞ்சு நாள்ல வலி போகலேன்னா மாத்திரையைத் தொடராம டாக்டரைப் பாருங்க” என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன். இனிமேல் தெருக்கோடிக் கடைதான். அங்கே கேட்டால் கொடுப்பார்கள், கேள்வி கேட்கமாட்டார்கள்.

இவருக்குப் பிரஷர் உண்டு. தினமும் காலையில் அதற்கு ஒரு மாத்திரை. ஆனால் அது பிரஷருக்கு, இது முதுகுக்கு. இதையும் அதையும் எதற்குப் போட்டுக் குழப்ப வேண்டும்?

மார்ச் 17, திங்கள்

பிரஷர் ஏறியிருக்கிறது. எங்கள் டாக்டர் இரண்டு தரம் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இதே கணக்கில் போனால் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்களாம். பழைய மாத்திரையோடு, நீர் பிரிய இன்னொரு மாத்திரையும் எழுதினார்.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன். “முதுகு வலின்னு ஃபைல்ல ஏறிச்சுன்னா எங்கே போனாலும் பின்னாடியே வரும். நீ வாய வச்சிட்டு சும்மா இரு.” இருந்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இன்று முதல் சமையலில் உப்பு பாதி.

மார்ச் 22, சனி

கால் வீங்கியிருக்கிறது. காலுறையைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே பள்ளமாகக் கோடு. நீர் மாத்திரை போட்டும் வீங்குமா?

இன்னொன்று. நான் காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் அப்படியே நிறைந்து திரும்பி வருகிறது. இது ஓட்டுநர்களின் பழைய வழக்கம். வழியில் இறங்க இடமில்லை, இறங்கினாலும் பயணிகள் கூச்சல் போடுவார்கள். அதனால் ஷிப்ட் முடிகிறவரை வாயைக் கட்டிவிடுவார்கள். இப்போது நீர் மாத்திரை வேறு சேர்ந்திருக்கிறதே, அடிக்கடி போக வேண்டி வருமே என்று கேட்டேன். “அதனாலதான் காலைலேர்ந்தே ஒரு சொட்டு குடிக்கறதில்ல” என்றார், பெரிய சாமர்த்தியம் போல.

கீழ்வீட்டு டீச்சரிடம் பிரஷர் பார்க்கிற கருவியை இரவல் வாங்கிப் பார்த்தோம். டாக்டர் பார்த்ததைவிடவும் கூட. உப்பைக் குறைத்தாயிற்று, எண்ணெயைக் குறைத்தாயிற்று, சிகரெட் எப்போதும் கிடையாது. பிறகு எதற்கு ஏறுகிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் கோபம் வந்துவிட்டது.

“உன் வாய்தான்டி என் பிரஷர்.”

தைத்த மடிப்பைப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தேன். வலித்தது. மணிக்கட்டு இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

சாயங்காலம் குனிந்து கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினார். பெருமை தாங்கவில்லை. நிமிரும்போது முகம் வெளுத்திருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 27, வியாழன்

எழுதினால்தான் மனம் அடங்கும்.

மதியம் வந்தவர் சாப்பாடு வேண்டாம் என்றார். வயிற்றைப் புரட்டுகிறதாம். காலையிலிருந்து ஒரே ஒரு தரம்தான் நீர் பிரிந்ததாம், அதுவும் கொஞ்சமாக, கருமஞ்சளாக. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“பெரிய சிக்னல்ல நின்னுட்டிருந்தேன். பச்சை விழுந்தது தெரியல. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. எல்லாம் மங்கலா எங்கேயோ தூரத்துல தெரிஞ்சுது. பின்னாடி ஹாரன் அடிச்சு, கண்டக்டர் வந்து தோளைத் தட்டின பிறகுதான்...”

வண்டி நிறைய ஆளாம். பள்ளிப் பிள்ளைகள் வேறு. நின்ற இடத்தில் நடந்தது. ஓடும்போது நடந்திருந்தா? பாலத்து மேல போகும்போது நடந்திருந்தா? ஐயோ, நான் என்னத்தப் பிதுக்கிப் பிதுக்கிக் கொடுத்துட்டிருக்கேன் இந்த மனுஷனுக்கு?

நாளைக்கு விடுப்பு சொல்லச் சொல்லியிருக்கிறேன். மறுத்துப் பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

கடை திறக்கும்போதே போய் நின்றேன். தெருக்கோடிக் கடைக்கு இல்லை, கண்ணாடிக்காரியிடம். வீட்டில் இருந்த மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கண்ணாடி மேஜையில் கொட்டினேன். “அன்னைக்கு எனக்குன்னு பொய் சொன்னேம்மா. இவருக்குத்தான்” என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். என் அட்டை, மீசை கொடுத்த அட்டை, களிம்பு மூன்றையும் ஒரு பக்கம் தள்ளினாள்.

“பேருதான் வேற வேறம்மா. மூணும் ஒரே குடும்பம். களிம்பு கொஞ்சம் சாது. மாத்திரை ரெண்டையும் சேர்த்துப் போடவே கூடாது.”

ஒரே குடும்பம் என்றால் அடிதடி இல்லாமலா இருக்கும் என்று வாய் வரை வந்தது. சிரிக்கிற நேரமில்லை. பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் அவள் இன்னொரு பக்கம் வைத்தாள்.

“இந்த வலி மாத்திரை பிரஷரை ஏத்தும். பிரஷர் மாத்திரையை அதோட வேலையைச் செய்ய விடாது. உடம்புல தண்ணியைத் தேக்கும், அதனால கால் வீங்கலாம். இந்த ரெண்டோட சேர்ந்தா கிட்னிக்கும் சுமை. இதுல தண்ணியும் சரியா குடிக்கலேன்னா...” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “நீர் நல்லாப் போகுதா அவருக்கு?”

இல்லை என்றேன்.

“வலி மாத்திரை இனிமே ஒண்ணுகூட வேண்டாம். இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கம்மா. சாயங்காலம்னு வச்சுக்காதீங்க.”

உப்பும் இல்லை, என் வாயும் இல்லை. பரிசோதனையில் ஜெயிக்கப் போட்ட மாத்திரையே பிரஷரை ஏற்றி, அந்தப் பிரஷரை இறக்க இன்னொரு மாத்திரை வந்து, அதற்குப் பயந்து தண்ணீரையும் நிறுத்தி... வீடு வருகிறவரை இதையேதான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஆட்டோவில் ஏறும்போதே சொன்னார். “முதுகைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. வண்டி போச்சுன்னா நான் செத்த மாதிரி.” மாத்திரைப் பை என் மடியில் இருந்தது.

டாக்டர் கேட்டார், அதே கேள்வி. இவர் சொன்னார், அதே பதில். நான் பையைத் திறந்து டாக்டரின் மேஜையில் கொட்டினேன். ஒரு அட்டை சறுக்கிப்போய் அவர் பேனாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. “முதுகு வலி சார் இவருக்கு. ரொம்ப நாளா. தினம் ரெண்டு, மூணு போடறாரு. நான்தான் கொடுத்தேன்” என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, இன்றே படுக்கச் சொல்லிவிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

கிட்னிதான். வேலை குறைந்திருக்கிறது. பழையபடி திரும்ப வாய்ப்பு உண்டு, ஆனால் இப்போதே எதுவும் சொல்ல முடியாதாம். “இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போட்டிருந்தா இந்தப் பேச்சே வேற மாதிரி இருந்திருக்கும்” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வலி மாத்திரை முழுவதும் நிறுத்தம். நீர் மாத்திரையையும் அவரே இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார். நாங்களாக எதையும் நிறுத்தவோ சேர்க்கவோ கூடாது என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இவர் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. தகுதிப் பரிசோதனையை மே மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதுவரை வண்டி கிடையாது.

பேச்சும் கிடையாது. சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துகிறார். வேண்டாமென்றால் கையைக் காட்டுகிறார். ஜன்னலில் நின்று தெருவில் போகிற பஸ்களைப் பார்க்கிறார். காட்டிக் கொடுத்தவள்தானே நான். பரவாயில்லை. பேசாமல் இருக்கிற புருஷன், இல்லாமல் போன புருஷனைவிட மேல். இதைச் சத்தமாகச் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 12, சனி

கால் வீக்கம் வற்றிவிட்டது. காலுறைக் கோடு இல்லை.

ஏப்ரல் 16, புதன்

பிரஷர் இறங்கியிருக்கிறது. கருவி பழுதோ என்று எனக்கும் சுற்றிப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருக்கிறது. உப்பைக் கொஞ்சம் சேர்க்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். ஆசையாகத்தான் கேட்டேன்.

முதுகு வலிக்கிறது இவருக்கு. மறைக்க வேண்டியதில்லை என்பதால் இப்போது முனகுகிறார். டாக்டர் வேறு வகை மாத்திரை கொடுத்திருக்கிறார், அதற்கும் அளவு உண்டு, தாண்டக்கூடாது. உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர், சீட்டைப் பின்னால் தள்ளி ஓட்டியதுதான் பாதி வலிக்குக் காரணம் என்கிறார். கால் நீட்ட வசதியாக இருக்கிறதென்று இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். வெந்நீர்ப் பையை நான் முதுகில் வைத்தபோது தள்ளிவிடவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிட்னி கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. காகிதத்தை என்னிடம் நீட்டி, “பாரு” என்றார். இத்தனை நாளில் முதல் வார்த்தை. சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

என் மணிக்கட்டுக்கு மாத்திரை போடலாமா என்று கண்ணாடிக்காரியைக் கேட்டேன். என் வயிறு, பிரஷர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, “எப்பவாவது போடலாம்மா, சாப்பிட்டுட்டு. தினமும்னா வேண்டாம், வலிக்கு என்ன காரணம்னு டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றாள். இந்தத் தடவை எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

மே 6, செவ்வாய்

பரிசோதனை. போனவர் வருகிறவரை ஒரு திரைகூடத் தைக்க முடியவில்லை. வந்தார். செருப்பைக் கழற்றினார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“குனியச் சொன்னாங்களா?”

“சொல்லவே இல்ல.”

“என்னது?”

“குனியறது, விரலைத் தொடறது, அப்படி ஒரு டெஸ்ட்டே கிடையாதாம். எப்பவோ எடுத்துட்டாங்களாம். முதுகு எப்படி இருக்குன்னு கேட்டாரு. வலிக்குதுன்னேன். என்ன பண்றேன்னு கேட்டாரு. சொன்னேன். குறிச்சுக்கிட்டாரு.” நாற்காலியில் உட்கார்ந்தார். “வண்டி ஓட்டலாமாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்பாங்களாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, மீசையை உலக்கையால் அடிக்க வேண்டும் போலவும் வந்தது. இல்லாத பரிசோதனைக்காக ஒரு கிட்னியை அல்லவா கொடுக்கப் பார்த்தோம்!

சாயங்காலம் மீசையே வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே விதவிதமான அட்டைகள். “அந்தக் கண்ணாடிப் பொண்ணு கடையில எத்தனை மணி வரைக்கும் இருக்கும்மா?” என்றார். அடிக்க வேண்டும் என்பதை மறந்து, காபி போட்டுக் கொடுத்தேன்.

மே 12, திங்கள்

இன்று வண்டிக்குப் போனார். பாட்டில் காலியாகத் திரும்பி வந்தது. வழியில் கொட்டிவிட்டீர்களா என்று கேட்டேன்.

“குடிச்சேன். பாதி வழியில முட்டிக்கிட்டு வந்துடுச்சு. பெட்ரோல் பங்க் ஓரமா நிறுத்திட்டு, அஞ்சு நிமிஷம்னு சொல்லி இறங்கிட்டேன். பஸ் முழுக்க என்னையே பாக்குது.”

“கத்தினாங்களா?”

“ஒருத்தரும் கத்தல. நான் திரும்பி வந்து ஏறப் போறேன், முன் சீட்டு அம்மா ஒருத்தங்க, ‘அப்பாடா, நானும் போயிட்டு வந்துடறேன் தம்பி’ன்னு இறங்கினாங்க. அவங்க பின்னாடியே பாதி பஸ் இறங்கிடுச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாட்டிலைக் கழுவி, நாளைக்கு நிரப்ப ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தேன்.