அப்பா வெட்டிக் கொடுத்த சிவப்புச் செடி

என் தங்கமான மகள் நெவேனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ இழுத்துப் பறித்துக்கொண்டு நலமாகவே இருக்கிறோம், அங்கே அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை டோனலும் என் பட்டுக்குட்டி நோராவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய படத்தைச் சட்டம் போட்டு அடுப்படியிலேயே வைத்திருக்கிறேன், குழந்தைக்கு மூக்கு அப்படியே உன் அப்பா மூக்கு, பாவம், வளர வளரச் சரியாகிவிடும். குளிப்பாட்டின கையோடு வெளியே தூக்கிப் போகாதே, உங்கள் ஊர் மழை நேரம் காலம் பார்க்காது என்கிறாய். இரண்டு ஜோடி காலுறை பின்னி, போன வருஷத்து மிளகாய்த் தொக்கு ஒரு பாட்டிலும் வைத்து அனுப்பியிருக்கிறேன், பாட்டில் வழியில் உடைந்திருந்தால் காலுறையை நன்றாக அலசிவிட்டுப் போடு. உன் தம்பி ஸ்தாமென் ஒரு பழைய டிராக்டர் வாங்கியிருக்கிறான், அதில் ஏறி உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட அதன் அடியில் படுத்திருக்கும் நேரம்தான் அதிகம்.

சரி, இதையெல்லாம் சொல்லவா அம்மா பேனா எடுத்தாள் என்று கேட்பாய். இல்லையடி. போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. குழந்தை பிறந்த அன்றுகூட அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, என் மேல் இன்னும் அவ்வளவு கோபமா, பேசாத மனுஷன் வீட்டுக்கு நான் ஏன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும், ஜூலையில் ஞானஸ்நானத்தை இங்கேயே முடித்துவிடுகிறோம் என்றாயே, அந்தக் குரல் என் நெஞ்சிலேயே நிற்கிறது. நெவேனா, கோபமெல்லாம் இல்லை. உன் கல்யாணத்துக்கு வராமல் முறுக்கிக்கொண்டு நின்றாரே, அந்தக் கோபம் போன அக்டோபரில் நீ வயிற்றுப் பிள்ளையோடு வந்து இறங்கியபோதே போய்விட்டது. அவர் உன்னிடம் ஒளிந்துகொண்டிருக்கிறார். ஏன் என்று சொல்லக் கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை மீறின பாவம் என்னோடு போகட்டும், ஃபோனில் சொன்னால் அவர் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது கார்லோவோ சந்தையில் நீ வாங்கி வந்து அப்பாவும் நீயும் சேர்ந்து ஜன்னலுக்கு எதிரே நட்டீர்களே, சிவப்புக் கிளை விடுகிற சீமை ட்ரியான் செடி, அதுதான் சங்கதி. குழியில் மண் தள்ளும்போது நீ அப்பாவிடம் என்ன சொன்னாய்? இதைப் பார்க்கிற போதெல்லாம் என் மேல் இருக்கிற வருத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும் அப்பா என்றாய். அவரும், நான் இருக்கிறவரைக்கும் இது மேல ஒரு கை படாது பாரு என்றார். படவும் விடவில்லை. ஆடு கடிக்காமல் கம்பி கட்டினார். இலை கொட்டி, பனி விழுந்து, வெள்ளை வெளேரென்று கிடந்த தோட்டத்தில் அது மட்டும் நெருப்பு மாதிரி நின்றபோது நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு காபியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். எதிர்வீட்டு வெலிச்காகூட, ஒரு பழம் இல்ல, ஜாம் போட முடியாது, விறகுக்கும் ஆகாது, இதைப் போய் என்னத்தப் பாக்கிறீங்க மின்கோ அண்ணே என்று சீண்டினாள். என் மக வெச்சது, உனக்கென்ன என்றார்.

அப்புறம் வருஷக் கடைசி வந்தது. மலைப்பாதை முழுக்கப் பனி மூடிவிட்டது, மேலே இருக்கிற காட்டு ட்ரியான் மரத்தில் வழக்கம்போல் கிளை ஒடிக்க ஒருவராலும் ஏற முடியவில்லை. கிளை இல்லாமல் பிள்ளைகள் எதைக் கொண்டு வருஷப் பிறப்பன்று பெரியவர்கள் முதுகில் தட்டி வாழ்த்துவார்கள்? வெலிச்கா பேத்தி யானா வாசலில் வந்து நின்று, தாத்தா, உங்க வீட்லயும் ட்ரியான் இருக்குதாமே, ஒரே ஒரு கிளை தாங்களேன் என்றாள். அது சீமை ட்ரியான் கண்ணு, அது வேற என்றார் அப்பா. எதிர்வீட்டு உள்ளேயிருந்து வெலிச்கா, சீமையோ நாடோ, முதுகுக்கு வித்தியாசம் தெரியவா போகுது, கொடுங்கண்ணே என்று கத்தினாள். ஒன்று வெட்டினார். அவ்வளவுதான், சேதி பரவித் தெருப் பிள்ளைகள் அத்தனையும் வந்துவிட்டன. ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு இன்னொருத்தியை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது? உன் அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் என்றைக்கு இருந்தது? வெட்டினார், வெட்டினார், கம்பி வேலிக்குள் வெறும் கட்டைதான் மிஞ்சியது. வருஷப் பிறப்பன்று அத்தனை வாண்டுகளும் நூலும் சோளப்பொரியும் கட்டிய சிவப்புக் கிளையோடு வந்து அவர் முதுகில்தான் முதல் அடி. சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் கன்றியிருந்தது, மனுஷனுக்கு வாயெல்லாம் பல். மத்தியானம் நீ ஃபோனில் வந்து, அப்பா எங்கே, பனியில் என் செடி எப்படி நிற்கிறது, காட்டச் சொல் என்றாய். அப்போதுதான் ஜன்னல் வழியாக அந்தக் கட்டையைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. கோழிக்குத் தண்ணி வெக்கணும் என்று ஓடினவர்தான்.

அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் கோழிக்குத் தாகம் எடுத்துவிடும். செடியைக் கேட்கிறாய், நான் இருக்கு இருக்கு என்று மழுப்புகிறேன். நோரா பிறந்த சேதி வந்த அன்று தொழுவத்தில் மாட்டைக் கட்டிக்கொண்டு அழுதார், நானே பார்த்தேன். போய்ப் பேசுங்களேன் என்றால், அவ ஒண்ணே ஒண்ணுதான் என்கிட்ட ஒப்படைச்சா டோப்ரின்கா, அதையும் நான் காப்பாத்தல, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுவேன் என்கிறார். பார்க்கச் சகிக்காமல் நானே சந்தைக்குப் போய் அந்தச் செடிக்காரனைக் கேட்டேன். அவன் சிரியோ சிரி என்று சிரித்தான். இதை வருஷா வருஷம் பனி விலகறப்ப ஒட்ட வெட்டணும்மா, பழைய கிளை மங்கிடும், புதுசா வர்றதுதான் நல்ல சிவப்பு பிடிக்கும், உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார், வேற ஒண்ணுமில்ல என்றான். வந்து சொன்னால் நம்பினாரா? உன் மனசைத் தேத்த அவன் சொல்லியிருப்பான் என்று என் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது அந்தக் கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்த்து ஒரு முழம் வந்துவிட்டது நெவேனா, நீ நட்டபோது இருந்ததைவிட அடர்த்தி. அப்பாவிடம், வாருங்கள், இப்போதாவது பிள்ளையைக் கூப்பிடுவோம் என்றேன். பச்சையால்ல இருக்கு, செவக்கட்டும், அப்புறம் பேசறேன் என்கிறார். இலை உதிர்ந்து குளிர் வந்தால்தானே அது சிவக்கும்? அதற்குள் உன் பிள்ளை எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிடும். இந்த மனுஷனோடு குடித்தனம் செய்ததற்கு எனக்குச் சிலை வைக்க வேண்டும்.

நேற்று கம்பளிகளை வெயிலில் போடலாம் என்று அலமாரி உச்சியைத் துழாவினேன். உன் அப்பாவின் கல்யாணக் கோட்டுக்குள் சுற்றி ஒரு கிளை கிடைத்தது. அந்தச் செடியின் கிளைதான், இருந்ததிலேயே நல்லது. அளவாக நறுக்கி, கணு முனையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கி, சிவப்பு நூல் சுற்றி, சோளப்பொரி கோத்து, சின்னக் கை பிடிக்கிற பருமனுக்குச் செய்து வைத்திருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு, இது யாருக்கு என்று கேட்டேன். முழித்தார். நம்ம நோராவுக்கு என்றார். ஜூலையில ஏதுங்க வருஷப் பிறப்பு என்றேன். ஊர்ப் புள்ளைங்க எல்லாம் அடிச்சுட்டாங்கடி, என் பேத்தி கையால இன்னும் ஒரு அடி விழலியே, எனக்கு இந்த வருஷம் இன்னும் பொறக்கவே இல்ல என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நானும் அழுதேன். உனக்கு எழுதும்போதும் அழுகிறேன், மை கலைந்திருந்தால் அதுதான்.

அதனால் அம்மா சொல்வதைக் கேள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணு, அவரை நகரவிடாமல் உட்கார வைப்பது என் பொறுப்பு. கட்டை, கிளை, துளிர் எதையும் நீயாக எடுக்காதே, இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. அப்பா, நாங்கள் என்றைக்கு வரட்டும் என்று மட்டும் கேள். அவர் ஒன்றும் பேசாவிட்டாலும் ஃபோனை வைத்துவிடாதே, அழுது முடிக்கட்டும், பதில் வரும்.

ஞானத்தாயாக யாரை நிறுத்தப் போகிறாய் என்று மறக்காமல் எழுது, பாதிரியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், உறுதியான உடம்போடும் நிறைந்த வீட்டோடும் பல்லாண்டு வாழ வேண்டும். நோராவின் உள்ளங்காலுக்கு ஆயிரம் முத்தம்.

உன் வரவுக்கு ஏங்கும்,
அம்மா டோப்ரின்கா