நெடுங்காதர் நாட்டுக்காரிக்கு

நேற்று மேலமாசி வீதியில் ஒரு பொம்மைக் கடை வாசலில் நின்றுவிட்டேன். அட்டையில் செருகிய இரண்டு ரப்பர் காதுகள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. மாவிலை நுனி மாதிரி மேலே கூராகப் போகும் காதுகள்.

"எல்ஃப் காதுங்கம்மா. பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டிக்கு வாங்கிட்டுப் போறாங்க" என்றார் கடைக்காரர்.

"எல்ஃப்னா யாருங்க?"

"காட்டுல இருக்கற ஒரு மாதிரி ஆளுங்க. நூத்துக்கணக்கான வருஷம் உயிரோட இருப்பாங்களாம். இங்கிலீஷ் படத்துல வருவாங்க."

அவர்களை எனக்கு எழுபதுகளிலேயே நன்றாகத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்னை எப்படிப் பார்த்திருப்பாரோ. சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை நீதான் கூட நடந்து வந்தாய்.

நீ அவர்களை எல்ஃப் என்று ஒருநாளும் சொன்னதில்லை. உனக்கு அவர்கள் நெடுங்காதர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலையிலிருந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு திருச்சியையும் தூத்துக்குடியையும் இணைத்துவிட்டு, ஒருநாள் சாப்பாட்டு வேளையில் காதைத் தேய்த்தபடி ஓய்வறைக்கு வந்து உட்கார்ந்தாய். "இம்புட்டு நேரம் இதை மாட்டிக்கிட்டிருந்தா காது நீளாம என்னடி செய்யும்? எனக்கு நீண்டுருச்சு. இனிமே நான் நெடுங்காதர் சாதி" என்றாய். அன்று ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். மறுநாள் அவர்களுக்கு ஒரு காடு வந்தது. அதற்கடுத்த நாள் மரத்தைக் குடைந்த வீடுகள் வந்தன. ஒரு மாதத்துக்குள் எங்கள் ஓய்வறையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அந்த நாட்டுச் சட்டதிட்டம் தலைகீழ்ப் பாடம்.

நான் அப்போது வேலையில் சேர்ந்த புதிது. அதே துறையில் இருந்த என் கணவர் லாரி மோதி இறந்துபோக, அவருக்குப் பதிலாக எனக்குக் கொடுத்த வேலை. வீட்டில் கைக்குழந்தையாகச் செல்வி. நான் யாரோடும் பேசமாட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பேன். முதுகுக்குப் பின்னால் உன் குரல் கேட்கும்.

நெடுங்காதர் ஐந்நூறு வருஷம் வாழ்கிறவர்கள். அதனால் அங்கே எந்தப் பெண்ணையும் யாரும் அவசரப்படுத்துவதில்லை. நூறு வயதுக்கு முன்னால் கல்யாணப் பேச்சை எடுப்பது மரியாதைக் குறைவு. ஒருத்தி ஐம்பது வருஷம் பிள்ளை வளர்ப்பாள், அடுத்த ஐம்பது வருஷம் கொல்லுப் பட்டறையில் இரும்படிப்பாள், பிறகு ஊர்ச்சபையில் தீர்ப்புச் சொல்வாள். கட்டிக்கொண்டவன் அவள் மரத்துக்குக் குடிவர வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு தன் தாயின் மரத்துக்கு அவன் திரும்பிப் போனால், தாய் கேட்கும் முதல் கேள்வி, "நீ என்னடா சொன்னே?"

"அங்க மாமியார் உண்டா?" என்று சூப்பர்வைசர் மங்களம் அக்கா ஒருநாள் கேட்டார்.

"இல்லாமயா? ஆனா முந்நூறு வருஷம் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்கணும்ல அக்கா. அதனால ரெண்டு பேருமே வாயை அளந்துதான் திறப்பாங்க."

அன்றுதான் நான் சிரித்தேன். என் கணவர் போனபிறகு முதன்முதலாகச் சிரித்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். உன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். அதன்பிறகு அந்த இடம் மாறவே இல்லை.

கல்லுப்பட்டியில் வாத்தியாராக இருந்த உன் அப்பா மாப்பிள்ளை பார்த்து அலுத்துப்போனார். யார் கேட்டாலும், "எனக்கு இன்னும் நூறு ஆகலைங்க" என்பாய். கேட்டவர்கள் விழிப்பார்கள். அதற்குள் நீ அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாய்.

ஞாயிறு தோறும் சர்ச் முடிந்து, நீ எங்கள் வீட்டுக்கு வருவாய். செல்விக்கு நீ அத்தை. உன் மடியில் படுத்து அவளும் அந்த நாட்டிலேயே வளர்ந்தாள். அவளுக்கு ஐந்து வயதானபோது சோழவந்தான் பக்கத்தில் இருக்கும் அவள் அப்பா வழிக் குலசாமி கோயிலில் காது குத்த ஏற்பாடானது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி குத்துவார், நான் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்று உன்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன். எனக்கு அது பழகிப்போயிருந்தது. நீ சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "பெத்தவ வெளியிலயா?" என்று மட்டும் கேட்டாய்.

வெற்றிலைக் கொடிக்காலைத் தாண்டி ஆற்றங்கரையை ஒட்டிய அந்தச் சின்னக் கோயில் இப்போதும் கண்ணில் நிற்கிறது. பந்தலில் நல்ல கூட்டம். நீயும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாய். என் கணவரின் பெரியப்பா என்னிடம் வந்து, "நல்ல காரியம் தாயி, நீ சித்த தள்ளி நில்லு" என்றார். வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். என் அண்ணன் மடியில் செல்வி உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் துள்ளி இறங்கிவிட்டாள்.

"எங்கம்மா மடியிலதான் குத்திக்குவேன். நெடுங்காதர் ஊர்ல அம்மா மடியிலதான் காது குத்துவாங்க!"

"எந்த ஊரு? யாரு இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்று பெரியப்பா சத்தம் போட்டார். குழந்தையின் விரல் உன் பக்கம் நீண்டது.

நீ எழுந்து நின்றாய். பொட்டில்லாத நெற்றி, வெள்ளை வாயில் புடவை, முன்பின் தெரியாத அம்புட்டுச் சனத்துக்கு நடுவில் தனியாக.

"நான்தாங்கய்யா. கதையாத்தான் சொன்னேன்."

"நீங்க வேதக்காரங்க. எங்க முறை உங்களுக்குத் தெரியாது. பேசாம உக்காருங்க."

"முறை தெரியாதுதாங்க. புள்ளைக்கு வலிக்கப் போகுதுன்னு தெரியும். வலிச்சா அது யாரைத் தேடும்னும் தெரியும். நான் வேணா வெளிய போறேன். அவளை உள்ள கூப்பிடுங்கய்யா."

சொன்னபடியே நீ செருப்பை மாட்டிக்கொண்டு பந்தலைவிட்டு வெளியே நடந்தாய். செல்வி தேம்பிக்கொண்டிருந்தாள். அப்போது என் மாமியார் எழுந்தார். மகன் போனதிலிருந்து என்னோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியறியாதவர். நேரே வேப்பமரத்தடிக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எம் மகன் இருந்தா இவளை இங்கயா நிக்க விட்டிருப்பான்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "மாமன் பக்கத்துல உக்காரட்டும். புள்ளை இவ மடியில இருக்கட்டும். அந்த வாத்தியாரு மகளையும் யாராச்சும் கூப்பிடுங்க, சாப்பிடாமப் போயிறப் போகுது."

செல்வி என் மடியில் உட்கார்ந்து, என் தோளைக் கடித்துக்கொண்டே இரண்டு காதையும் குத்திக்கொண்டாள். பெரியப்பா அன்று பந்தியில் உட்காரவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அது அப்படித்தான் இருந்தது.

திரும்பிவரும் பஸ்ஸில் செல்வி உன் தோளில் தூங்கிப்போனாள். "பயமா இல்லையாடி உனக்கு?" என்று கேட்டேன்.

"கை நடுங்குச்சுடி. அதான் முந்தானையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். நீ பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. உன் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் பாதியில் உனக்கு மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உன் நாட்டு நடப்பை நீ விடவில்லை. நர்ஸுகளுக்கு ஊர்ச்சபையில் இடம் போட்டுக் கொடுத்திருந்தாய். தாவணி போடும் பெண்ணாகிவிட்ட செல்வி ஒரு சாயங்காலம் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள். "அவங்களுக்குச் சாவு உண்டா அத்தை?"

உன்னைச் சங்கடப்படுத்துகிறாளே என்று நான் பதறினேன். நீ யோசித்துப் பதில் சொன்னாய்.

"உண்டு. ஐந்நூறுன்னு இருந்தாலும் சில பேரு சீக்கிரம் போயிருவாங்க. போனவ செஞ்ச வேலையை இருக்கறவங்க ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துக்கணும். அழுதுக்கிட்டே செய்யலாம், தப்பில்ல."

அந்த மார்கழியைத் தாண்டி நீ இருக்கவில்லை.

போன மாதம் வண்டியூரில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் அடுப்படிக் கதவோரம் வெளிர்நிறப் புடவையில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் முன்னால் போக, அவள் மட்டும் ஓரமாக எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அக்காவாம், கணவனை இழந்தவளாம். யாரென்று விசாரித்துக்கொண்டு அவளிடம் போனேன். என் கையும் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் கையைப் பிடித்து, "வாம்மா, தம்பி கல்யாணத்தைக் கிட்டப் போய்ப் பாப்போம்" என்றேன்.

அவள் மிரண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க யாரும்மா? எந்த வகையில சொந்தம்?"

"நடந்துக்கிட்டே சொல்றேன்" என்று அவளை மணவறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.