ஆளே ஏறாத கார்

"காவேரி, மாவு ஃப்ரிட்ஜ்ல கீது. கார் சாவிய யார் கேட்டாலும் குடுக்காத."

இவ்வளவு எழுதிவிட்டு எல்லப்பன் பேனாவைக் கடித்தான். கம்பெனி பஸ் வரும் நேரம். உள்ளே காவேரி தூங்குவதுபோல் படுத்திருந்தாள். நேற்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

நேற்று உறவினர் வீட்டில் காது குத்தல் முடிந்து கிளம்பும்போது, மாமியார் ஏறி உட்கார்ந்ததும், அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சொகுசுக் கார் பின்பக்கமாகத் தரையோடு படுத்தது. "அத்தை, நீங்க ஏறுனா வண்டி தாங்காது. ஷேர் ஆட்டோ புடிச்சி வாங்க" என்று அத்தனை பேர் எதிரிலும் சொல்லிவிட்டான். அவர் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். ஆனால் இங்கே வரவில்லை. நேரே வாலாஜாபாத்துக்குத் தன் வீட்டுக்கே போய்விட்டார்.

விடிந்து பார்த்தால், ஆளே ஏறாத கார் அதேபோல் உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்து, பின்சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் போல வண்டியைத் தாங்கும் காற்றுப் பையில் சோப்புத் தண்ணீர் தெளித்தான். வெடிப்பு விட்ட ரப்பரிலிருந்து நுரை பொங்கிக்கொண்டு வந்தது. தனியாக நின்றவனுக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுபடி எழுதினான்: "பாத்திரம் கழுவுற சோப்பு தீந்துபோச்சு, நான்தான் எடுத்தேன். காத்துப் பை வெடிச்சிக்கினு கீது. அத்தையால இல்ல."

கீழே 'மன்னிச்சிடு' என்று எழுதி, அதை அடித்தான். கேட்க வேண்டியது இவளிடம் மட்டுமா?

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினான்:

"ஷிஃப்ட் முடிஞ்சி வாலாஜாபாத் போறேன். ராத்திரிக்கு எனக்கு சோறு வெக்காத. அத்தை போட்டா அங்க சாப்டுக்கறேன். போடலன்னா பட்டினியா வரேன்."