பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் படகு

ஜூன் 1, சனி

காலையில் தட்டை என் பக்கம் நகர்த்தியபடியே அத்தை கேட்டார்: "நாளைக்கு உன் வண்டியில ஒண்ணு ஏத்திட்டு வரணும். கொஞ்சம் நீளமா இருக்கும்."

திரைச்சீலைக் கம்பி என்று நினைத்தேன். என் வண்டி பிக்கப், பின்னால் திறந்த தொட்டி வைத்தது. அலுவலகங்களுக்குத் தொட்டிச்செடி வாடகைக்கு விடுகிற என் தொழிலுக்காக வாங்கியது. ஆளுயரப் பனைச்செடியே அதில் சொகுசாகப் போகும். "பாத்துக்கலாம் அத்தை" என்றேன்.

பிறகுதான் தெரிந்தது, அது கயாக். ஓர் ஆள் உட்கார்ந்து துடுப்பு போடும் படகு. அறுபதைத் தாண்டிய என் மாமியார் இத்தனை நாளாக நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் ஏரிக்கு. அங்கே சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரிடமிருந்து அவருடைய பழைய படகை வாங்கியும் விட்டார்.

"சொல்லவே இல்லையே அத்தை?"

"நீ கேக்கவே இல்லையே."

அத்தை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நாம் பேசிய எதுவும் அவரிடமிருந்து தப்பாது. "செவ்வாய்க்கிழமை நீ சொன்னது 'அப்புறம் பாக்கறேன்'. 'செய்யறேன்'னு சொல்லல." இப்படித் திருப்பித் தருவார். எங்களோடு வந்து தங்கி ஒரு வருடம் ஆகிறது. என் வீட்டிலேயே நான் கூண்டில் நின்று பேசுகிற மாதிரிதான் பேசுகிறேன்.

ஏன் ஒத்துக்கொண்டேன்? இனி ஞாயிறு காலைகளில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

ஜூன் 2, ஞாயிறு

இன்று படகைக் கொண்டுவரப் போனோம்.

ஆரஞ்சு நிறப் படகு. என் வண்டித் தொட்டியைப் போல் இரண்டு மடங்கு நீளம். பின்கதவை மூடி, படகின் மூக்கை அதன்மேல் சாய்த்தோம். பாதிப் படகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. செடி கட்டும் நைலான் கயிற்றால் செடிக்குப் போடும் முடிச்சையே போட்டேன். பயிற்சியாளர் "இது போதுமாங்க?" என்று கேட்டார். பத்து வருடமாகக் கட்டுகிறேன் என்று நான் சொன்னேன். பனைச்செடி வழுக்காது என்பது அப்போது தோன்றவில்லை.

மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் வானம் மட்டும்தான் இருக்கிறது. படகைக் காணோம்.

அது பாலச் சரிவில் தானாகவே வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ரொட்டி வண்டிக்காரர் பிரேக்கை மிதித்து நின்றார். படகு அவருடைய முன்சக்கரத்தை முட்டி நின்றது. அந்த மனிதர் திட்டவில்லை. இறங்கி வந்து, "அம்மா, உங்க படகு" என்றார், கைக்குட்டை தவறவிட்டவரிடம் சொல்வதுபோல்.

ரொட்டி வண்டிக்குப் பதிலா ஒரு பைக் வந்திருந்தா? பின்னாடி குழந்தைய வெச்சுக்கிட்டு யாராவது வந்திருந்தா? என்ன கட்டுக் கட்டினேன் நான்? ஏன் அவ்வளவு திமிரு?

பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா அத்தை?" என்று நடுப்பாலத்தில் கத்திவிட்டேன்.

அத்தை என்னைப் பார்த்தார். "கட்டினது நீ" என்றார். படகை ரொட்டி வண்டிக்காரரே தன் வண்டிக்குள் ஏற்றி, எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

ஜூன் 3, திங்கள்

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. என் கணவர் அவருடைய அம்மா சொன்னதற்கும் தலையாட்டினார், நான் சொன்னதற்கும் தலையாட்டினார். பிறகு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க ஆள் குறைவு என்று கிளம்பிவிட்டார். நேற்றும் ஆள் குறைவுதான்.

ஜூன் 5, புதன்

நான் கேட்ட மன்னிப்பை அத்தை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. "நீ கேட்டது காதுல விழுந்துது" என்றார்.

இன்று தனியாகப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் விதிகளைக் கேட்டு, சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். இரவுச் சாப்பாட்டின்போது தீர்ப்பு வாசிப்பதுபோல் வாசித்தார். சுமை அசையக்கூடாது. பின்னால் எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு. நம் படகு அதற்குள் அடங்கும். நீட்டும் முனையில் சிவப்புத் துணி. இருட்டினால் சிவப்பு விளக்கு.

"அப்புறம், பின்கதவைத் திறந்து போட்டுட்டுப் போனா நம்பர் பிளேட் தெரியாது. பின் விளக்கும் மறைஞ்சிடும். அதுவும் குத்தம்."

"அப்போ கதவை மூடியே வெச்சுக்கலாமே."

"மூடி வெச்சுத்தான் அன்னைக்கு மேம்பாலத்துல விட்டோம்."

"விட்டோம்" என்றார். "விட்டே" என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

ஜூன் 7, வெள்ளி

வண்டி உதிரிபாகக் கடைக்கு இருவரும் போனோம். வண்டியை இழுக்கக் கொக்கி மாட்டும் துளையில் செருகுகிற இரும்புத் தாங்கி ஒன்று கிடைத்தது. பின்கதவைத் திறந்து போட்டால், அதற்கப்பாலும் படகுக்கு அது முட்டுக்கொடுக்கும். நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் அதன் முனையில் மாட்டிக்கொள்ளலாம். கட்டுவதற்குக் கொக்கியும் பூட்டும் வைத்த பெல்ட்டுகள்.

கடைக்காரர் சொன்னார்: "ரொம்ப இறுக்கிடாதீங்க. பிளாஸ்டிக் உள்வாங்கிடும். அசையக்கூடாது, ஆனா நசுங்கவும் கூடாது." வேறென்னவோகூடச் சொன்னார். அதற்குள் போனில் ஒரு வாடிக்கையாளர், தன் செடி வாடிவிட்டதென்று அழாத குறையாகப் பேசினார். காதில் வாங்கவில்லை.

ஜூன் 8, சனி

வீட்டு வாசலில் ஒத்திகை. படகை வண்டியின் தலைப்பக்கம் வரை தள்ளி, நடுவே பழைய தலையணை. கனமான பக்கம் உள்ளே, லேசான பக்கம் வெளியே. பெல்ட்டைக் கைப்பிடியில் கட்டாமல் படகின் உடம்போடு சுற்றி, தொட்டியின் வளையங்களில் மாட்டினோம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, முனையில் தனியாக ஒரு கயிறு.

"பிடிச்சு ஆட்டிப் பாரு" என்றார் அத்தை. ஆட்டினேன். வண்டியே ஆடியது, படகு தனியாக ஆடவில்லை.

சிவப்புத் துணி வீட்டில் இல்லை. அத்தை உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார்.

டியூட்டி முடிந்து வந்த கணவர் வாசலில் நின்று வெகு நேரம் பார்த்தார். "அது எங்கம்மாவோட பாவாடையாச்சே" என்றார்.

"சட்டப்படி சிவப்பா இருந்தா போதும்" என்றார் அத்தை.

ஜூன் 9, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது.

பிரதான சாலையில் ஏறியதும் "ம்ம்ம்ம்" என்று ஒரு ராகம். அத்தை ஏதோ பாட்டு முணுமுணுக்கிறார், என் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று மனசு லேசானது. நானும் மெதுவாகச் சேர்ந்துகொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அத்தை கேட்டார்: "ஒரே சுருதிய எவ்வளவு நேரம்தான் பிடிச்சிருப்பே?"

"நான் ஆரம்பிக்கல அத்தை. நீங்கதான் பாடறீங்கன்னு…"

"நான் வாயே திறக்கல."

ஓரங்கட்டினோம். பெல்ட்டுதான் காற்றில் பாடிக்கொண்டிருந்தது. பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் சத்தம் வராதென்று கடைக்காரர் சொன்னாராம். அன்று நான் போனில் இருந்தபோது சொன்னது இதுதான். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீ பாடறேன்னு நினைச்சேன். சமாதானமா வர்றேன்னு விட்டுட்டேன்" என்றார்.

இருவருக்கும் சிரிப்பு வந்தது. இருவருமே சிரித்தது தெரியாத மாதிரி வண்டியில் ஏறினோம்.

ஏரிக்குத் திரும்பும் முனையில் போலீஸ்காரர் கை காட்டினார். அத்தை கண்ணாடியை இறக்கி, அவர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்: நீட்டும் அளவு, துணி, விளக்கு, நம்பர் பிளேட், வரிசை மாறாமல். அவர் பொறுமையாகக் கேட்டார். வண்டியைச் சுற்றி வந்தார். படகைப் பிடித்து ஆட்டினார், குனிந்து பார்த்தார், பாவாடைத் துணியை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து அத்தையின் ஜன்னலில் நின்றார்.

"எல்லாம் சரியா இருக்கு. படகை நல்லாக் கட்டியிருக்கீங்க. உங்களைக் கட்டலையே?"

படகையே திரும்பித் திரும்பிப் பார்ப்பதற்காக அத்தை சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டிருந்தார். அவசரமாக அதை இழுத்து மாட்டிக்கொண்டார். போலீஸ்காரர் எச்சரித்து அனுப்பிவிட்டார்.

ஏரியில் அத்தை மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். நான்கு வீச்சில் கரையை விட்டுப் போய்விட்டார். நம் வீட்டில் கதவைத் திறந்து மூடுவதற்கே முழங்கால் வலிக்கிறது என்பவர். கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். புத்தகம் கொண்டு போயிருந்தேன். திறக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

முறுக்கோடு கட்டினோம். பெல்ட் பாடவில்லை. அதனால் நாங்கள்தான் பேச வேண்டியிருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

வண்டிக்குள் அத்தை வேறு ஆள். எதிரெதிரே உட்காராததாலோ என்னவோ. திரும்பி வரும்போது, தலை ஈரமாக இருக்க, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அத்தனை வருஷமும் அடுத்தவங்க பேசினதையே எழுதினேன். ஜட்ஜு, வக்கீல், சாட்சி. நான் என்ன நினைச்சேன்னு எவனும் கேட்டதில்ல. வீட்லயும் அதே பழக்கமாப் போச்சு. நீ பேசறதப் பிடிச்சுக்கறேன், நான் பேசறதில்ல."

"இப்ப என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

ஈரத் தலையைத் துவட்டினார். "பசிக்குது" என்றார்.

ஜூன் 30, ஞாயிறு

கணவர் தானும் வருகிறேன் என்றார். வண்டியில் இடமில்லை என்று அத்தை சொல்லிவிட்டார். முன்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். நான் வண்டியைக் கிளப்பினேன்.

ஜூலை 5, வெள்ளி

பயிற்சியாளர் போன் செய்தார். ஏரிக்கரையில் புதிதாகப் படகுக் கொட்டகை போட்டிருக்கிறார்களாம். ஓர் இடம் இருக்கிறது, படகை அங்கேயே பூட்டி வைத்துவிடலாம், அம்மா பஸ்ஸிலேயே வந்து போகலாம் என்றார். "உங்களுக்கு ஏத்தி இறக்கற தொல்லை விட்டுது."

"வேண்டாங்க" என்றேன். வாய் தானாகச் சொன்னது. காரணம் தேட வேண்டியிருந்தது. "வெயில் பட்டா பிளாஸ்டிக் வெளுத்துடும்."

"கொட்டகைக்குக் கூரை இருக்குங்க."

"அப்போ ஈரம் இருக்கும்."

அவர் பெருமூச்சு விட்டார். "உங்க மாமியாரும் இதையேதான் சொன்னாங்க. மொதல்ல வெயில், அப்புறம் ஈரம். நீங்களாவது சரின்னுவீங்கன்னுதான் உங்களுக்கு அடிச்சேன்."

கூடத்திலிருந்து அத்தையின் குரல்: "யாரு போன்ல?"

"செடி கேட்டு ஒருத்தர்."

"கூரை, ஈரம்னு ஏதோ காதுல விழுந்துது."

"செடிக்குத்தான் அத்தை."

"ம்" என்றார். குறுக்கு விசாரணை இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. ஏரியில் இன்று யாரையும் படகு இறக்க விடமாட்டார்கள் என்று செய்தி வந்துவிட்டது. கணவருக்குக் குஷி, மூன்று பேரும் வீட்டிலேயே இருக்கலாம் என்றார்.

அத்தை ஜன்னலருகே நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "மழையில பெல்ட் தளருமோ?" என்றார்.

"தளரலாம்" என்றேன். "ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

நனைந்துகொண்டே ஏற்றிக் கட்டினோம். ஏரி வரை போனோம். கரையில் வண்டியை நிறுத்தி, படகை இறக்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். மத்தியானம்தான் திரும்பினோம்.

பெல்ட் தளரவில்லை.