காலியாக இருந்த ஆணி

23.11.73, வெள்ளி

நான் வரைந்த அப்பாவின் படத்தை அந்த ஆணியில் மாட்டியிருக்கக் கூடாது. பென்சில், கரி, வாட்டர் கலர் எல்லாம் பழகிவிட்டு இப்போதுதான் முதல் தடவையாக ஆயில் பெயிண்டைத் தொட்டேன். மழைக்காலத்தில் காய நாளாகும் என்று பாண்டி பஜார் கடைக்காரர் அப்போதே சொன்னார். கூடத்தில் தாத்தா, பாட்டி போட்டோக்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருந்தது. அதில் மாட்டிவிட்டு ஆபீஸ் போய்விட்டேன்.

அம்மா வெள்ளிக்கிழமை வழக்கப்படி போட்டோக்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. கை தானாக அடுத்த படத்துக்கும் போயிருக்கிறது.

நான் வந்தபோது அப்பா படத்தின் முன்னால் நின்றுகொண்டு சிரித்தார். "மாலை ஒண்ணுதான்டா பாக்கி" என்றார். அம்மா சமையலறையை விட்டு வரவில்லை. "அத அழிச்சிடுடா" என்று மட்டும் உள்ளேயிருந்து சொன்னாள்.

டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். ஈரப் பெயிண்டில் குங்குமம் ஊறிவிட்டிருந்தது. பொட்டோடு நெற்றியும் துணியில் வந்துவிட்டது. அந்த முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அதுவும் தப்போ என்று தோன்றவே மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் போன மாசம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு...

அப்பா படுத்துவிட்டார். அவர் இருமல் மற்ற நாளில் எனக்கு எரிச்சலாக இருக்கும். இன்று ஒவ்வொரு இருமலுக்கும் நிம்மதி வருகிறது.

கொஞ்ச நேரமாகச் சத்தம் இல்லை. அம்மா எழுந்து லைட் போடுகிறாள்.